பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வைக்கும்போது ஊரை ஏன் விட்டுவிடுகிறோம்?

காவிரிக்கரையான்:

திருச்சியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் பாரதிதாசன். கோவையில் பாரதியார். சேலத்தில் பெரியார், வேலூரில் திருவள்ளுவர், காரைக்குடியில் அழகப்பா, கொடைக்கானலில் அன்னை தெரசா, திருநெல்வேலியில் மனோன்மணீயம் சுந்தரனார். நமக்குப் பழகிப்போனதால் ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனால் இவற்றில் ஒன்றில்கூட ஊர் இல்லை.

முதலில் வழக்கம் இப்படி இருக்கவில்லை. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள் ஒரே ஆண்டில் தொடங்கியபோது மூன்றுக்கும் ஊர்ப்பெயர்தான் வைத்தார்கள். 1966-ல் மதுரையில் தொடங்கியபோதும் அது வெறும் மதுரைப் பல்கலைக்கழகம்தான். நடுவே 1929-ல் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அதை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் அமைந்தது. கொடுத்தவர் பெயரை வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமான எலிஹு யேல் நம்முடைய புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். அவர் 1718-ல் அனுப்பிய புத்தகங்களுக்கும் சரக்குகளுக்கும் நன்றியாகத்தான் அந்தப் பெயர் வந்தது. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் கட்டிய கல்லூரிகளின் மேல்தான் 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது. இந்த வகைப் பெயரில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

நான் கேட்பது அடுத்த வகையைப் பற்றி. சென்னைப் பல்கலைக்கழகம் கோவையிலும் திருச்சியிலும் நடத்திவந்த முதுநிலை மையங்கள் 1982-ல் தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. ஒன்றுக்குப் பாரதியார், மற்றொன்றுக்குப் பாரதிதாசன். பாரதி பிறந்தது எட்டயபுரம், பத்தாண்டு வாழ்ந்தது புதுச்சேரி. பாரதிதாசன் பிறந்து வளர்ந்ததே புதுச்சேரி. அந்தப் புதுச்சேரியில் 1985-ல் மத்தியப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்கு ஊர்ப்பெயரையே வைத்தார்கள். இரண்டு கவிஞர்களின் பெயரும் அவர்கள் வாழ்ந்த ஊரில் இல்லாமல் வேறு ஊர்களுக்குப் போய்விட்டது.

கவிஞர்களைப் போற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாரதிதாசனில் படித்தவன் என்று சொல்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் ஒரு வட்டாரத்துக்காக உண்டாக்கப்படுகிறது. அந்த வட்டாரத்துக் கல்லூரிகள்தான் அதன் கீழ் வருகின்றன, அந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். பெயரில் அந்த மண் இருக்க வேண்டும். மதுரைப் பல்கலைக்கழகம் 1978-ல் ‘மதுரை காமராசர்’ ஆனது பாருங்கள், அதுதான் என் கண்ணுக்குச் சரியான முறை. ஊரும் போகவில்லை, தலைவரும் வந்துவிட்டார். காமராசர் பிறந்த விருதுநகரும் பக்கத்திலேயே இருக்கிறது.

உங்கள் கருத்து என்ன?

நெல்லை_செல்வி:

நான் மனோன்மணீயத்தில் படித்தவள். முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நீளப் பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, ‘எம்.எஸ். யுனிவர்சிட்டி’ என்றுதான் சொல்வோம். வடக்கே போய் அப்படிச் சொன்னால் பரோடாவில் இருக்கும் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதற்கும் அதே சுருக்கம். நேர்முகத் தேர்வில் “பரோடாவில் எந்த ஆண்டு முடித்தீர்கள்?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். திருநெல்வேலி என்ற சொல் பெயரில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. அந்த அளவில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் அண்ணா, ‘மண்ணோடு தொடர்பில்லாத பெயர்’ என்ற கணக்கில் எங்களைச் சேர்க்காதீர்கள். சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர், சரி. திருநெல்வேலியிலும் ஆசிரியராக இருந்தவர் அவர். 1891-ல் அவர் எழுதிய நாடகத்தின் பாட்டைத்தான் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒவ்வொரு பள்ளியிலும் பாடுகிறோம். அரசியல் தலைவர் பெயராகவோ பணம் கொடுத்தவர் பெயராகவோ இல்லாமல், பாடம் நடத்திக்கொண்டே நாடகம் எழுதிய ஒரு வாத்தியார் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பது எத்தனை அருமை! 1990-ல் மதுரை காமராசரிலிருந்து பிரிந்தபோது ‘திருநெல்வேலிப் பல்கலைக்கழகம்’ என்று மட்டும் வைத்திருந்தால், இன்று எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரிந்திருக்காது.

சேலத்துக் கதிர்:

செல்வி அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பெரியார் பிறந்தது ஈரோடு, சேலத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று அடுத்து யாராவது கேட்கலாம். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944-ல் சேலம் மாநாட்டில்தான். அந்த ஊரில் அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருப்பது மிகப் பொருத்தம்.

முத்து_விருதை:

1997-ஐ இங்கே யாராவது நினைவுபடுத்த வேண்டும், நானே செய்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் பெயர் அப்போது காமராசர் மாவட்டம். பக்கத்தில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், தெற்கே வ.உ. சிதம்பரனார் மாவட்டம், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், மேற்கே பெரியார் மாவட்டம், திண்டுக்கல் அண்ணா மாவட்டம். பேருந்துக் கழகங்களும் அப்படியே, பாண்டியன், சேரன், சோழன், பல்லவன், கட்டபொம்மன் என்று. அந்த ஆண்டு விருதுநகரில் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர்விட்டவர். அவர் தலித் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன, உயிர்கள் போயின. முடிவில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது, பெரியார் மாவட்டம் ஈரோடு மாவட்டமானது.

இதெல்லாம் நடந்தது 1997 ஜூலை. அதே ஆண்டு செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாளில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் பிறந்தது. ஒரு கையால் மாவட்டத்திலிருந்து பெரியார் பெயரை எடுத்த அதே அரசு, மறு கையால் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களை மட்டும் ஏன் தொடாமல் விட்டார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள கேள்வி. பேருந்தும் மாவட்டமும் எல்லோர் வாயிலும் தினமும் புழங்குபவை, அதனால் சண்டையும் அங்கேதான் வந்தது. பல்கலைக்கழகப் பெயர்களில் பெரும்பாலும் கவிஞர்களும் புலவர்களும் இருந்தார்கள். யாரும் அவர்களைத் தன் சாதிக்கென்று இழுக்கவில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பொறியியல்2011:

ஊர்ப்பெயர் இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார் காவிரிக்கரையான். என் பட்டத்தில் ஊர் இருக்கிறது. ஆனாலும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் 1978-ல் தொடங்கியபோது அதன் முழுப்பெயர் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1982-ல் அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருங்கியது. 2007-ல் அதைப் பிரித்து கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் உண்டாக்கினார்கள், 2010-ல் மதுரையும் சேர்ந்தது. நான் 2007-ல் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். என் முதல் மதிப்பெண் சான்றிதழில் ‘அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்’. கடைசி ஆண்டுச் சான்றிதழில் ‘அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்’. 2012-ல் எல்லாவற்றையும் திரும்ப ஒன்றாக்கிவிட்டார்கள். அதனால் பிறகு நான் வாங்கிய டிரான்ஸ்கிரிப்ட் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது.

வெளிநாட்டில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு இதை அனுப்பினேன். “இவை மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களா? எதில் படித்தீர்கள்? எது பட்டம் கொடுத்தது?” என்று கேட்டு நிறுத்திவைத்துவிட்டார்கள். கோவையில் அந்தப் பெயரில் இப்போது பல்கலைக்கழகமே இல்லை, யாரிடம் கடிதம் கேட்பது? நான் எழுதி எழுதி விளக்கிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் சேர்க்கைக் காலம் போய்விட்டது.

எனவே என் கட்சி வேறு. ஊர் இருக்கட்டும், ஆள் இருக்கட்டும், எது வேண்டுமானாலும் இருக்கட்டும். வைத்த பெயரை மாற்றாதீர்கள். பட்டம் வாங்கியவன் அந்தப் பெயரைச் சாகும்வரை எழுத வேண்டியிருக்கிறது.

விஜயவாடா_மருத்துவர்:

பொறியியல் நண்பரே, உங்கள் வலி புரிகிறது. ஆந்திராவில் நடந்ததைக் கேளுங்கள். 1986-ல் தொடங்கிய மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் பிறகு முன்னாள் முதல்வர் என்.டி.ஆர். பெயரை வைத்தார்கள். 2022-ல் வேறு கட்சியின் அரசு அதை இன்னொரு முன்னாள் முதல்வரான ஒய்.எஸ்.ஆர். பெயரில் ஒய்.எஸ்.ஆர். பல்கலைக்கழகம் ஆக்கியது. 2024-ல் ஆட்சி மாறியது, மறுபடி என்.டி.ஆர். இதற்கிடையே படித்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு பெயர், தம்பிக்கு ஒரு பெயர்.

தலைவர் பெயர் வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். அண்மைக்காலத் தலைவர் என்றால் அவருக்கு ஒரு கட்சி இருக்கும், அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சியும் இருக்கும். திருவள்ளுவர் பெயரை மாற்ற எந்த அரசும் துணியாது.

சட்டப்பார்வை:

சட்டப்படி எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், விவாதத்துக்கு உதவும்.

மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தால் பிறக்கிறது. பெயர் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. துணைவேந்தரோ ஆட்சிமன்றக் குழுவோ நினைத்தால் மாற்ற முடியாது, சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டும். அதனால்தான் இது எப்போதும் அரசியலாகிறது. அப்படித் திருத்தும்போது, பழைய பெயர் வரும் இடங்களிலெல்லாம் புதிய பெயர் என்று கொள்ள வேண்டும் என ஒரு பிரிவைச் சேர்ப்பது வழக்கம். எனவே பழைய பட்டம் செல்லும். ஆனால் ‘செல்லும்’ என்பதை மாணவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பொறியியல் தம்பிக்கு நடந்தது அதுதான்.

இரண்டாவது விஷயம், ‘பல்கலைக்கழகம்’ என்று யார் போட்டுக்கொள்ளலாம் என்பது. 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, மத்தியச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ உண்டானவை தவிர மற்ற எந்த நிறுவனமும் தன் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்க்கக் கூடாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதாவது தனிச் சட்டம் இல்லாமல் மத்திய அரசின் அறிவிப்பால் பல்கலைக்கழகத் தகுதி பெற்றவை, 3-ஆம் பிரிவின் கீழ் வருபவை. பட்டம் கொடுக்கலாம், பெயரில் மட்டும் அந்தச் சொல் கூடாது. பல ஆண்டுகள் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. 2017 நவம்பரில் தொலைநிலைப் பொறியியல் பட்டங்கள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செயல்படுத்தச் சொன்னது. உடனே மானியக் குழு 123 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதன் பிறகுதான் ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்பதை அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கம் வந்தது. இரவோடு இரவாக வளைவுகளையும் பேருந்துகளையும் சிலர் மாற்றி எழுதினார்கள்.

பெயரில் ‘பல்கலைக்கழகம்’ இருக்கலாமா என்று இத்தனை கறாராகப் பார்க்கும் சட்டம், அதற்கு முன்னால் என்ன வரலாம் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறது. அங்கேதான் ஒரு நெறி தேவை என்பது என் எண்ணம்.

கோலாலம்பூர்_வாசகர்:

பிரிவினை பற்றிப் பேசுவதால் எங்கள் கதை ஒன்று. 1949-ல் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது சிங்கப்பூரில். பிறகு கோலாலம்பூரில் ஒரு பிரிவு வந்தது. 1962-ல் இரண்டும் தனியாகப் பிரிந்தபோது பழைய பெயர் கோலாலம்பூருக்கு வந்துவிட்டது, முதலில் தொடங்கிய இடம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. அதுதான் 1980-ல் நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. பல்கலைக்கழகம் பிரியும் நேரத்திலேயே யாருக்கு எந்தப் பெயர் என்பதைத் தெளிவாக முடித்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெயரில் யாரும் கைவைக்கவில்லை.

யாழ்வாணி:

இலங்கையில் நிலைமை நேர்மாறு. எங்களிடம் ஏறத்தாழ எல்லாமே இடப்பெயர்தான். பேராதனை, கொழும்பு, களனி, யாழ்ப்பாணம், மொறட்டுவை, ருகுணு. ஊர் போதாதபோது திசை, அதாவது கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம். தலைவர் பெயரில் வருபவை மிகக் குறைவு.

ஆனால் இடப்பெயர் என்றால் அரசியல் இல்லை என்று எண்ண வேண்டாம். 1972-ல் நாட்டிலிருந்த எல்லாவற்றையும் சேர்த்து ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்று ஒரே பெயருக்குள் அடக்கினார்கள். மற்றவை எல்லாம் வளாகங்கள். 1974-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியதும் ஒரு வளாகமாகத்தான். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1979-ல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று தனித்து நின்றபோது இங்கே எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்று என் பெரியம்மா இப்போதும் கதைப்பார். ‘வளாகம்’ என்று எழுதியவர்கள் ‘பல்கலைக்கழகம்’ என்று எழுதத் தொடங்கினார்கள், முன்னால் தங்கள் ஊரின் பெயரோடு. வவுனியாவுக்கு அந்த நாள் 2021-ல்தான் வந்தது. அதுவரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம்.

இன்னொன்று. அதே 1978 சட்டத்தோடு வித்தியோதயா, வித்தியாலங்கார என்ற இரண்டு அழகான பெயர்கள் போயின. பிக்குகளின் பிரிவேனாக்களாக, அதாவது பௌத்தக் கல்விக்கூடங்களாக இருந்து 1959-ல் பல்கலைக்கழகங்கள் ஆனவை அவை. ஒன்று ஸ்ரீ ஜயவர்தனபுர, மற்றொன்று களனி என்று இடப்பெயர் பெற்றன. கல்வியைப் பற்றிய பெயர்கள் போய் இடப்பெயர்கள் வந்ததில் சிங்கள நண்பர்களில் சிலருக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பெரியவர்களை நாங்கள் வேறு விதமாகப் போற்றுகிறோம். யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் பல்கலைக்கழகம் எழுந்தது. இருந்தும் பல்கலைக்கழகத்துக்கு ஊர்ப்பெயர், நுண்கலைப் பிரிவுக்கு இராமநாதன் பெயர். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1931-ல் அண்ணாமலையிலும் 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் விபுலாநந்தர். இசையைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்கு அந்த நிறுவகத்தைவிடப் பொருத்தமான நினைவு இருக்க முடியாது. ஒருவர் எதில் உழைத்தாரோ அந்தத் துறைக்கு அவர் பெயர். தமிழ்நாட்டிலும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

காவிரிக்கரையான்:

யாழ்வாணி அக்கா, இது மிக நல்ல வழி. திருச்சியில் இருப்பது ‘திருச்சிராப்பள்ளிப் பல்கலைக்கழகம்’ என்றும் அதன் தமிழ்ப் புலத்துக்குப் பாரதிதாசன் பெயர் என்றும் இருந்திருந்தால் எத்தனை நிறைவாக இருந்திருக்கும்.

மன்மாட்_மணி:

எல்லோரும் ஊர்ப்பெயரின் பக்கம் சாய்வதால் இதை எழுதியே ஆக வேண்டும். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்ததால் நான் வளர்ந்தது மகாராஷ்டிரத்தின் மன்மாடில், படித்தது அவுரங்காபாத்தில்.

அங்கே 1958-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர் மராத்வாடா. நீங்கள் விரும்பும்படியே தூய இடப்பெயர். ஆனால் அந்த வட்டாரத்தில் உயர்கல்விக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் அம்பேத்கர். பல்கலைக்கழகம் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1950-ல், அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியை நிறுவினார். பள்ளிக்குள்ளேயே விடப்படாத சாதிகளின் பிள்ளைகள் அங்கேதான் முதன்முதலாகப் பட்டம் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வையுங்கள் என்று கேட்டார்கள். 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிரத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. உடனே மராத்வாடா முழுக்க தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். கொலைகள் நடந்தன, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். தீர்மானம் கிடப்பில் போனது. பெயர் கிடைத்தது 1994 ஜனவரி 14 அன்று. பதினாறு ஆண்டுகள்! இன்றும் ஒவ்வொரு ஜனவரி 14-க்கும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து அந்த வாயிலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். படிக்காத பாட்டிகள் அந்த வளைவில் இருக்கும் எழுத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள்.

துறைக்குப் பெயர் வைக்கலாம், நூலகத்துக்குப் பெயர் வைக்கலாம் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அதெல்லாம் உள்ளே போகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கேட்டது வாயிலில். ஊர்ப்பெயர் யாருக்கும் சொந்தமில்லாதது போலத் தோன்றும், ஆனால் அந்த ஊர் யாருடையதாக இருந்தது என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். முத்து ஐயா சொன்ன சுந்தரலிங்கம் கதையும் இதுதானே. பெயரை எல்லாம் எடுத்துவிட்டால் சமம் என்று அரசு நினைத்தது. எடுத்தபோது உண்மையில் பறிபோனது யாருக்கு? மற்றவர்களின் தலைவர்களுக்கு வேறு நூறு இடங்களில் பெயர் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவுரங்காபாத்தின் பெயரே 2023-ல் சத்திரபதி சம்பாஜிநகர் ஆகிவிட்டது. ஊர்ப்பெயர் நிலையானது என்று யார் சொன்னது?

முத்து_விருதை:

மணி தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். 1997-ல் எங்கள் ஊரில் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

காவிரிக்கரையான்:

மணி, நீங்கள் எழுதியதற்கு மறுப்பு சொல்ல எனக்கு மனமில்லை. அம்பேத்கர் பெயர் அந்த வாயிலில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1994-ல் வந்த பெயர் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்’. மராத்வாடா போகவில்லை. அதே ஆண்டு அதிலிருந்து பிரிந்து நாந்தேடில் வந்ததும் சுவாமி ராமானந்த் தீர்த் மராத்வாடா பல்கலைக்கழகம். 2014-ல் சாவித்ரிபாய் பூலே பெயரைப் புனேவுக்கு வைத்தபோதும் ‘சாவித்ரிபாய் பூலே புனே பல்கலைக்கழகம்’ என்றுதான் வைத்தார்கள். பெண்களுக்குப் பள்ளி நடத்தியதற்காக எந்த ஊரில் சாணியால் அடிபட்டாரோ அந்த ஊரின் பெயரோடு அவர் பெயர் சேர்ந்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்து நின்றால்தான் அந்த வரலாறு முழுதாகத் தெரிகிறது. நான் தொடக்கத்தில் கேட்டதும் இரண்டும் சேர்ந்த பெயரைத்தான்.

ஊர்ப்பெயரும் மாறும் என்கிறீர்கள். ஊர் மாறினாலும் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மாறவில்லை என்பதுதான் வியப்பு. மெட்ராஸ் 1996-ல் சென்னையானது. ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ் பல்கலைக்கழகம்தான். கல்கத்தா, அலகாபாத், பாண்டிச்சேரி எல்லாமே அப்படி. பம்பாய் போன்ற சில மட்டும் ஊரோடு சேர்ந்து மாறின.

நூலகர்_ஒருவர்:

ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சில வரிகள். அம்பேத்கர் பெயரில் லக்னோ, ஆக்ரா, டெல்லி, முசாபர்பூர், அகமதாபாத், ஹைதராபாத், ஸ்ரீகாகுளம் என்று எத்தனையோ பல்கலைக்கழகங்கள். சென்னையில் சட்டப் பல்கலைக்கழகம். சில மைய அரசினுடையவை, சில மாநிலத்தினுடையவை, சில தொலைநிலைக் கல்விக்கானவை. கட்டுரை எழுதுபவர்கள் ‘அம்பேத்கர் பல்கலைக்கழகம்’ என்று மட்டும் போட்டுவிட்டால் எது என்று தேடியே நாள் போய்விடும். எம்.ஜி.ஆர். பெயரிலும் அப்படித்தான். சென்னையிலேயே அரசின் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று, தனியார் நிகர்நிலை நிறுவனம் ஒன்று. ஒருவர் செய்த ஆய்வின் பெருமை இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேருவதும் நடக்கிறது. தரவரிசைக்கு எண்ணும்போது அது சின்ன விஷயம் அல்ல.

அதனால் பெயர் மாறாவிட்டாலும் உங்களால் முடிந்த ஒன்று உண்டு. எங்கே எழுதினாலும் பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர், காற்புள்ளி, ஊர். ஒரே மாதிரி எழுதுங்கள். பெயர் மாறியிருந்தால், பட்டம் வாங்கியபோது இருந்த பெயரை எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைச் சேருங்கள்.

பொறியியல் நண்பருக்கு: தனியாக இருந்தவற்றை 2012-ல் இணைத்த சட்டத்தின் படியை மதிப்பெண் சான்றிதழ்களோடு முதல் கடிதத்திலேயே வைத்து அனுப்பினால் கேள்வி வருவது குறையும். பல மாணவர்களுக்கு இப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

பொறியியல்2011:

மிக்க நன்றி ஐயா. என் தங்கையின் தோழி ஒருத்தி திருச்சி அண்ணாவில் அதே ஆண்டுகளில் படித்தவள், அவளுக்கு இதை அனுப்பிவைக்கிறேன்.

2020-ல் அண்ணா பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரிக்கப் பேச்சு வந்தபோது, பெயரில் கைவைக்காதீர்கள் என்று ஆசிரியர்கள் ஏன் அப்படிப் போராடினார்கள் என்பது எங்கள் ஆண்டு மாணவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. நல்லவேளை, அது நடக்கவில்லை.

நெல்லை_செல்வி:

சாவித்ரிபாய் பற்றிப் பேசியதால் கேட்கிறேன். நம் அரசுப் பல்கலைக்கழகப் பெயர்களில் பெண்கள் எத்தனை பேர்? அன்னை தெரசா இருக்கிறார், 1984-ல் அவர் உயிரோடு இருந்தபோதே வைத்த பெயர். பிறகு மீன்வளப் பல்கலைக்கழகமும் இசைப் பல்கலைக்கழகமும் ஜெயலலிதா பெயரைப் பெற்றன. ஔவையார் எங்கே? முத்துலட்சுமி ரெட்டி எங்கே? மருத்துவம் படித்து, சட்ட மேலவையில் உட்கார்ந்து, அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர். மணி சொன்ன வாயில் எங்களுக்கும் வேண்டும்.

காவிரி அண்ணா, ‘திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம்’ என்று ஆக்கினால் ஒத்துக்கொள்வாயா என்று கேட்டால், ஒத்துக்கொள்வேன். ஆனால் மூன்று நிபந்தனை. சுந்தரனார் பெயரில் ஓர் எழுத்துகூடக் குறையக் கூடாது. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் யாரும் சான்றிதழை மாற்றிக்கொள்ள அலைய வேண்டிய நிலை வரக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான அரசாணையின் படியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல்கலைக்கழக இணையதளத்தின் முகப்பிலேயே யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும்.

சட்டப்பார்வை:

செல்வியின் நிபந்தனைகளில் இரண்டாவதைச் சட்டத்திருத்தத்திலேயே எழுதிவிடலாம், கடினமில்லை. மூன்றாவதற்குச் சட்டம் தேவையே இல்லை. பதிவாளர் நினைத்தால் நாளைக்கே செய்யலாம். ஏற்கெனவே பெயர் மாறிய பல்கலைக்கழகங்களில் அதை இப்போதே கேட்கலாம். கோரிக்கை மனு எழுதுவதாக இருந்தால் வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.

காவிரிக்கரையான்:

எழுதுகிறேன் ஐயா. இந்த வாரக் கடைசிக்குள் வரைவு வரும். இனி தொடங்கும் அரசுப் பல்கலைக்கழகங்களின் பெயரில் ஊரோ வட்டாரமோ கட்டாயம் இருக்க வேண்டும், போற்றும் பெயரும் அதோடு சேரலாம் என்று முதல் கோரிக்கை. பெயர் மாறியவற்றின் ஆணைகளை இணையத்தில் வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. மணி, உங்கள் கருத்தையும் அதில் சேர்க்க விரும்புகிறேன். நீங்களே ஒரு பத்தி எழுதித் தர முடியுமா?

மன்மாட்_மணி:

தருகிறேன். சுந்தரலிங்கத்தின் பெயரையும் அதில் எழுதுவேன், அதை யாரும் வெட்டக் கூடாது.